குன்றின்மேல் ஒரு மன்று

மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆலயத்தைப் போர்த்துக்கீசியக் கட்டடக்கலையின் சின்னமென்றே பயண நூல்கள் பாராட்டுகின்றன. அப்பாராட்டு குறையுடையது என்பது நம் கருத்து. புயலுக்குத் தப்பிய அயல்நாட்டு மாலுமிகள் 1540-இல் தம் கப்பலின் பாய்மரத்தால் இங்குச் சிலுவை நாட்டினர் என்பது ஊர் மரபு. 1581-இல் ஆலயம் எழுந்தது. வந்தோர் நட்ட சிலுவையை இவ்வூர்க் கடலோடிகள் தமதாக்கிக் கொண்டனர். பின்னர் அவர்களும் வாணிபம் நாடி இலங்கைக்குச் சென்றனர். சிதறிய குடும்பங்கள் செப்டம்பர் 14 பெருவிழாவில் இம்மணற்குன்றில் ஒன்றுகூடுகின்றன.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா சமவெளியில் குடியேறிய செக் உழவர்களும் தாய்மொழி பேச, நாடகம் ஆட மன்றங்கள் எழுப்பினர். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்திற்கு மாறியபின் சுவர்கள் நின்றன. அம்மொழி அங்கே ஓய்ந்தது. ஆதலால் ஆலயத்தின் சிறப்பை அதில் கூடுவோரைக் கொண்டே அளத்தல் தகும். விழாவுக்கு வரும் நம் இளையோர்க்கு அச்சிலுவையின் வரலாற்றைத் தமிழிலேயே சொல்லிக்கொடுப்போமாக.