விந்தையுயிர் வேட்டையும் ஆற்றுப்படை மரபும்

வழியறிந்தவன் வழியறியாதவனுக்கு நெறி கூறுதலே ஆற்றுப்படையின் உயிர்நிலை. பரிசில் பெற்று மீளும் பாணனோ கூத்தனோ, வறுமையோடு எதிர்ப்படும் தன் இனத்தானை நோக்கித் தான் சென்ற வழியையும், இடைப்படும் நிலங்களையும், ஆங்குக் கிடைக்கும் உணவையும், நேரக்கூடிய இடர்களையும் எடுத்துரைப்பான். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தன. பயணந் தொடங்குவோனுக்கு எதைச் சொல்லவேண்டும், எவ்வளவு சொல்லவேண்டும் என்னும் வினாவுக்குத் தமிழர் கண்ட விடை இம்மரபு எனலாம். இவ்வளவுகோல் கொண்டு இக்காலத்துப் புதுவகை விளையாட்டொன்றின் தோற்றுவாயை அளந்து பார்த்தல் பயனுடைத்து.

யப்பானில் 1996ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்த போக்கிமொன் விளையாட்டு, 151 விந்தையுயிர்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் அமைப்பினது. அதனை ஆக்கிய சத்தோசி தஜிரி, இளமையில் தோக்கியோவின் புறநகரிற் பூச்சிகளைத் தேடிச் சேர்த்தவர். வயலும் குளமும் கட்டடங்களாய் மாறியபின் பிறந்த சிறுவர்க்கு அவ்வின்பத்தை மீட்டளிக்க விழைந்தவர். 2016 யூலையில் நியான்டிக் நிறுவனம் வெளியிட்ட போக்கிமொன் கோ, அவ்வேட்டையைத் திரையினின்றுந் தெருவுக்குக் கொணர்ந்தது. ஆடுவோன் நடந்தாலன்றி அவ்வாட்டம் நடவாது. இலங்கைக்கு அது 2016 திசெம்பரில் முறையாக வந்தது. தொடர்மாடிகள் மலிந்த வெள்ளவத்தையிலும், நெருங்கிய தெருக்களையுடைய கொட்டாஞ்சேனையிலும் வளரும் சிறுவர்க்கு வாழும் ஊரே ஆடுகளமாகும் வாய்ப்பு அன்று பிறந்தது.

இவ்விளையாட்டின் சிறப்பைத் தமிழிலக்கணங் கற்றோர் எளிதில் உணர்வர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றுக்கேற்ற உயிரினங்கள் கருப்பொருள். போக்கிமொன் கோவில் நீர்நிலைக்கு அருகே நீரினத்து உயிர்கள் மிகுதியாகத் தோன்றும். 2017 திசெம்பரில் வானிலையும் சேர்க்கப்பட்டபின், மழை பொழிகையில் நீரினமும் பூச்சியினமும், வெயிலெறிக்கையில் நெருப்பினமும் புல்லினமும் பெருகலாயின. பவளத்தின் உருக்கொண்ட கோர்சோலா வெப்பவலயத்திலேயே இயல்பாகக் காணப்படும். ஆகவே, வெள்ளவத்தைக் கடற்கரையில் ஒருவன் தொடங்கும் வேட்டையும் வட ஐரோப்பிய நகரொன்றில் மற்றொருவன் தொடங்கும் வேட்டையும் ஒன்றல்ல. நிலத்துக்கு மதிப்பளித்த அளவில் இவ்விளையாட்டுப் பாராட்டுக்குரியது.

இனி, தொடக்கத்தை நோக்குதல் வேண்டும். பேராசிரியர் வில்லோ என்பார் திரையில் தோன்றிப் புதியவனை வரவேற்கிறார். புல்பசோர், சார்மாண்டர், ஸ்குவர்ட்டில் என மூன்று உயிர்கள் அவன்முன் நிற்கின்றன. ஒன்றைப் பந்தெறிந்து பிடிக்கிறான். இலக்கைச் சூழ்ந்த வளையம் சுருங்கியவேளை, அதனுட்படுமாறு எறிதலே நன்று என்பதைப் பலர் பட்டறிந்தே கற்றனர். பந்து குறைந்தால் கோயில், தேவாலயம், சிலை முதலிய பொதுவிடங்களில் அமைந்த நிலையங்களை நாடி நடக்கவேண்டும். அம்மூன்றையும் பிடியாது சிலமுறை விலகி நடப்பவனுக்குப் பிக்காச்சு என்னும் புகழ்பெற்ற நான்காம் உயிரும் எதிர்ப்படும். இதனைப் பேராசிரியர் கூறுவதில்லை. பெற்றவன் பெறாதவனுக்குச் சொல்ல, தமையன் தம்பிக்குச் சொல்ல, அச்செய்தி பரவிற்று. விளையாட்டு மௌனஞ் சாதித்த இடத்தில் ஆடுவோரே ஆற்றுப்படை பாடினர் என்க.

மௌனமே குறையாயின், மிகுதியாகப் பேசுதல் அக்குறையைத் தீர்க்குமோ எனின், தீர்க்காது. 2022 நவம்பரில் வெளிவந்த போக்கிமொன் ஸ்கார்லெட் திறந்த உலகத்தையுடையது; ஆயின் புதியவனை நெடுநேரங் கைப்பிடித்து நடத்திய பின்னரே அவ்வுலகில் விடுகிறது. எட்டுக் களங்களையும் விரும்பிய வரிசையில் அணுகலாம் என்கிறது. ஆனால் ஒவ்வொரு களத்தின் வலிமையோ மாறாது வகுக்கப்பட்டுள்ளது. அடுத்து எங்கே செல்வது நன்று என்று மருத்துவ நிலையத்திற் கேட்டறிபவன் இடறாது செல்வான். கேளாதவன் தோற்றுக் கற்பான். திறந்த வாயில் வேறு, தெரிந்த வழி வேறு.

இரு விளையாட்டுக்களுள்ளும் தெருவில் நிகழ்வதற்கே பொறுப்பு மிகுதி. கற்பனை நாட்டில் இடறி வீழ்பவன் மீண்டும் எழுவான். காலி வீதியில் அவ்வாறன்று. மலைபடுகடாம் பாடிய புலவர், பன்றிக்கு வைத்த பொறிகளையும், புனங்காப்போர் கவணால் எறியுங் கற்களையும், பாம்புறையும் இடங்களையும், வழுக்கும் பாறைகளையும் தனித்தனியே சுட்டி, எங்ஙனங் கடப்பது என்றுங் கூறுகிறார். போக்கிமொன் கோ கூறுவதோ சுற்றுப்புறத்தைக் கவனிக்க என்னும் பொதுவுரையே. வெள்ளவத்தையிற் கடலை அடைய விரும்புவோன் புகையிரதப் பாதையைக் கடந்தாகவேண்டும். நீரினத்து உயிரைத் தேடித் தலைகுனிந்து நடக்கும் பத்து வயதுச் சிறுவனுக்கு அப்பொதுவுரை போதுமா?

பிறிதொரு குறையும் உண்டு. கருப்பொருள் வரை வந்த இவ்விளையாட்டு உரிப்பொருளை எட்டவில்லை. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எடுப்பித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயில் போன்ற ஓரிடமும் இதன் கண்ணுக்குப் பந்து வழங்கும் நிலையமாகவே தோன்றும். அக்கல்லின் வரலாற்றை அது சொல்லாது. சொல்லவல்லவர் அத்தெருவில் வாழ்பவரே.

ஆகவே, இவ்விளையாட்டைத் தொடங்குவோனுக்கு முதற்கண் வேண்டுவது அரிய உயிருமன்று, மிகுந்த பந்துமன்று. ஊரறிந்த ஒருவரின் உடனடையே. எவ்விடத்தில் நின்று திரையை நோக்கலாம், எவ்விடத்தில் அதனைப் பையிலிட்டு நடக்கவேண்டும் என்று தண்டவாளத்தின் அருகே கைப்பிடித்துச் சொல்லும் தமையனோ தந்தையோ உள்ளவன் நன்கு தொடங்கியவனாவான். அந்நடையில் அவன் பிடிக்கும் உயிர்கள் சிலவாயினும், அறிந்துகொள்ளும் தெருக்கள் பலவாகும்.