திரையிற் சூதாட்டம்: பணயம் யாருடையது?

சூதாட்டத்தைச் சித்திரிக்கும் திரைப்படங்கள் உலகெங்கும் ஏராளமாக வந்துள்ளன. அவற்றை விமர்சிப்போர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே எழுப்புகின்றனர். ஆட்டக் காட்சி விறுவிறுப்பாக அமைந்துள்ளதா என்பது ஒன்று. படம் சூதை ஆதரிக்கின்றதா, கண்டிக்கின்றதா என்பது மற்றொன்று. முதலாவது தொழில்நுட்பத்தோடு நின்றுவிடுகின்றது; இரண்டாவது வெறும் நீதிபோதனையாக முடிகின்றது. இவற்றுக்கு அப்பால் மூன்றாவது கேள்வி ஒன்றுண்டு. மேசைமீது குவிந்துகிடக்கும் பணம் எங்கிருந்து வந்தது? இக்கேள்வியை உரைகல்லாகக் கொண்டு, வெவ்வேறு சூழல்களைக் காட்டும் மூன்று படங்களை இங்கு நோக்குவோம்.

மார்ட்டின் கம்பெல் இயக்கிய 'கசினோ றோயல்' (2006) செல்வர் உலகைக் களமாகக் கொண்டது. மொன்ரெனீக்ரோ நாட்டின் ஆடம்பர விடுதியொன்றில் ஆட்டம் நடைபெறுகின்றது. மேசையில் அமர்வதற்கே ஒரு கோடி டொலர் வேண்டும். ஜேம்ஸ் பொண்ட் அத்தொகையைத் தன் சம்பளத்திலிருந்து கொண்டுவரவில்லை. பிரித்தானியத் திறைசேரி கொடுக்கின்றது. அதனை அவன் இழந்த பின்னர், அமெரிக்க உளவுத்துறையைச் சேர்ந்தவன் 50 இலட்சம் டொலர் கொடுத்து அவனை மீண்டும் ஆட வைக்கின்றான். இறுதியில் 11 கோடியே 50 இலட்சம் டொலர் அவன் கைக்கு வருகின்றது. தோற்றவனுக்கு மறுவாய்ப்பு அளித்தது அவனது திறமையன்று, வல்லரசுகளின் பணப்பெட்டியாகும். ஆயினும் படம் நமக்குப் பெரிதாக்கிக் காட்டுவது அவனது அசையாத முகத்தையே.

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். இயன் பிளெமிங் 1953இல் வெளியிட்ட மூல நாவலில் ஆடப்படுவது பக்கரா. அதில் ஆடுபவன் தன் அறிவைக்கொண்டு தீர்மானிக்கக்கூடியது மிகச் சொற்பம். படத்தில் அது போக்கராக மாற்றப்பட்டது. 2003இல் இணையவழித் தகுதிச் சுற்றினூடாக வந்த கணக்காளர் ஒருவர் போக்கர் உலகத் தொடரில் 25 இலட்சம் டொலர் வென்றதைத் தொடர்ந்து, அவ்வாட்டத்தின்மீது மோகம் பெருகியிருந்த காலம் அது. எனவே வணிக நோக்கு வெளிப்படை. ஆனால் இம்மாற்றத்துக்குக் கருத்தியற் பயன் ஒன்றும் உண்டு. தற்செயலால் வரும் செல்வத்தைத் தகுதியால் வரும் செல்வமாகக் காட்டுவதற்குப் போக்கர் பெரிதும் வாய்ப்பானது. அப்படியிருந்தும் கதாநாயகன் கடைசியில் வெல்வது எதனால்? ஒரே இனத்தைச் சேர்ந்த தொடர்ச்சியான ஐந்து சீட்டுகள் அவனுக்கு அமைந்துவிட்டதனாலேயே!

இதே சீட்டுச் சேர்க்கை இன்னொரு படத்தில் கதாநாயகனை வீழ்த்துகின்றது. நோர்மன் ஜுவிசன் இயக்கிய 'த சின்சினாட்டி கிட்' (1965), பொருளாதார மந்தம் சூழ்ந்த 1930களின் நியூ ஓர்லீன்ஸ் நகரை நமக்குக் காட்டுகின்றது. ஸ்டீவ் மக்குவீன் நடித்த இளைஞன் ஆட்டத்தில் வல்லவன், எட்வர்ட் ஜி. ரொபின்சன் நடித்த முதியவரை வென்று முதலிடம் பெற முயல்கின்றான். அம்முதியவரிடம் முன்னர் தோற்ற செல்வன் ஒருவன், சீட்டுப் பங்கிடுபவனை நெருக்கி, இளைஞனுக்குச் சாதகமாக மோசடி செய்யுமாறு பணிக்கின்றான். இளைஞன் அவ்வுதவியை மறுத்து நேர்மையாக ஆடுகின்றான், தோற்கின்றான். ஆட்டக்காரர் தம்மைச் சுதந்திரமானவர் என எண்ணும்பொழுதும், அறையின் இருளில் பணம் படைத்தவன் நின்றுகொண்டிருப்பதை இப்படம் உணர்ந்திருக்கின்றது. ஆனால் உணர்ந்ததை அது இறுதிவரை ஆராயவில்லை. தனிமனிதனின் தோல்விக்கு ஒரு சோக அழகைப் பூசியவாறு விலகிவிடுகின்றது.

இவ்விரண்டும் நின்றுவிட்ட இடத்திலிருந்து புறப்படுவது லூயிஜி கொமென்சினி இயக்கிய 'லோ ஸ்கொபோனே ஷியெந்திஃபிகோ' (1972) என்னும் இத்தாலியப் படம். உரோம் நகரின் குடிசைப் பகுதியில் கந்தல் பொறுக்கி வாழும் ஒருவனும் அவன் மனைவியும் அதன் நாயகர். அல்பேர்தோ சோர்தியும் சில்வானா மங்கானோவும் நடித்துள்ளனர். பெற் டேவிஸ் நடித்த கோடீஸ்வரி ஆண்டுதோறும் தன் மாளிகைக்கு வந்து அவர்களைச் சீட்டாட அழைக்கின்றாள். ஆடுவதற்கான முதற்பணத்தையும் அவளே கொடுக்கின்றாள். குடிசைவாசிகள் யாவரும் தம் நம்பிக்கையை அத்தம்பதியர்மீது சுமத்துகின்றனர். அவர்கள் வென்றாலோ, அவள் பணயத்தை இரட்டிப்பாக்கி மேலும் ஆடச் சொல்கின்றாள்.

இங்கே கணக்கு எளிது. இருவருக்கும் சம வாய்ப்புள்ள ஆட்டம் என்றே கொள்வோம். தொடர்ந்து பத்துமுறை வெல்லும் வாய்ப்பு 1,024இல் ஒன்று. ஏழை ஒவ்வொரு முறையும் வென்றாக வேண்டும். செல்வச் சீமாட்டி ஒரேயொரு முறை வென்றாற் போதும். போக்கர் போன்ற ஆட்டங்களில் நீண்டகால அளவில் திறமைக்கு இடமுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த நீண்டகாலம்வரை தாக்குப்பிடிப்பதற்குப் பணம் வேண்டுமே! விதிகள் சமமாயிருந்தும் ஆட்டம் சமமற்றதாயிருப்பதை, ஒரு சொற்பொழிவுமின்றிச் சிரிக்கவைத்தே இப்படம் புலப்படுத்துகின்றது. சூதில் வரும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டிலாகக் கண்டவர் வள்ளுவர். தூண்டிலைப் பிடித்திருக்கும் கையையும் கொமென்சினி காட்டிவிடுகின்றார்.

இப்படத்திற் குறையில்லை என்பதன்று நமது கருத்து. தம்பதியரின் மகள், புறப்படும் கிழவிக்கு நஞ்சிட்ட கேக்கைக் கொடுப்பதோடு கதை முடிகின்றது. ஒரு சீமாட்டி இறந்தாற் குடிசைகள் மாளிகைகள் ஆகிவிடுமா என நாம் கேட்கலாம். ஆனால் அச்சிறுமி ஒன்றைச் சரியாக விளங்கிக்கொண்டாள்: அந்த மேசையில் அமர்ந்து ஆடிக்கொண்டிருக்கும்வரை தன் பெற்றோருக்கு விமோசனம் இல்லை. பெரியவர்கள் கண்டறியாத உண்மை இது. தீர்வு தவறாயிருக்கலாம், பிரச்சினை சரியாக முன்வைக்கப்பட்டுள்ளது.

சூதாடிக் குடும்பத்தைக் கெடுத்தவன் இறுதியிற் கண்ணீர்விட்டுத் திருந்தும் படங்களையே முற்போக்கானவை என நம்மிற் சிலர் கருதுகின்றனர். அது பிழையான மதிப்பீடு. குற்றம் முழுவதையும் ஆடியவன் குணத்திற் சுமத்தும் கதை, ஆட்டத்தால் இலாபமடைபவனைத் தப்பவிடுகின்றது. இன்று சூதாட்ட மேசை கைத்தொலைபேசிக்குள்ளும் வந்துவிட்டது. திறமையுள்ளவன் வெல்வான் என்ற வாசகமே அங்கும் தூண்டிலிரையாக மாட்டப்படுகின்றது. நம் மாணவர்க்குச் சூது தீது என்று மட்டும் கூறி அமைதல் போதாது. படத்தைப் பார்த்துவிட்டு வரும் மாணவனிடம், "வென்றவன் யார்?" என்பதோடு, "அந்தப் பணத்தைக் கொடுத்தவன் யார்? அவன் எதற்காகக் கொடுத்தான்?" என்றும் கேட்போம். அக்கேள்விகளுக்கு விடை தேடப் பழகியவன், திரைக்கு வெளியிலும் அவற்றைக் கேட்பான்.