மேடைக்கு வராதவர்களின் கணக்கு

நவம்பர் வந்தால் பெரிய மருத்துவமனைகளின் வாசலில் ஊதா நிற பேனர்கள் ஏறிவிடுகின்றன. அந்த மாதத்தின் மூன்றாம் வியாழக்கிழமை உலகக் கணையப் புற்றுநோய் தினம். அறுவைசிகிச்சை முடிந்து மூன்று, நான்கு ஆண்டுகளைக் கடந்தவர்களை மேடையேற்றிச் சால்வை போர்த்துகிறார்கள். பக்கத்தில் நிற்கும் அறுவைசிகிச்சை நிபுணர் மைக்கைப் பிடித்து, "இந்த நோயையும் வெல்லலாம், எங்கள் வெற்றி விகிதம் தொண்ணூறுக்கு மேல்" என்கிறார். மறுநாள் அது செய்தித்தாளில் படத்தோடு வருகிறது. சால்வை பெற்றவரின் மகிழ்ச்சியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த விகிதம்தான் நெடுநாளாக உறுத்துகிறது.

அறுவைசிகிச்சையைக் குறைத்துப் பேசுவதற்காக இதை எழுதவில்லை. கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சக் கணையத்தையும் பித்தநாளத்தையும் இரைப்பையையும் தனித்தனியே குடலோடு தைத்து இணைப்பது விப்பிள் அறுவைசிகிச்சை. ஒரு காலத்தில் அது நான்கில் ஒருவரை மருத்துவமனையிலேயே பலிகொண்டது. இதைச் செய்வதைவிடப் பித்தத்துக்கு மாற்றுப்பாதை போட்டு அனுப்பிவிடுவதே மேல் என்று 1970-இல் அமெரிக்க நிபுணர் ஜார்ஜ் கிரைல் ஜூனியர் எழுதினார். 1993-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜான் கேமரூன் குழு, ஒரு மரணமும் இல்லாமல் அடுத்தடுத்து 145 பேருக்கு அதைச் செய்ததாக அறிவித்தது. அடிக்கடி செய்யும் இடத்துக்குப் போவதே உயிருக்கு நல்லது என்பதும் தெளிவானது: 2002-இல் வெளியான அமெரிக்க மெடிகேர் கணக்கில், கணைய அறுவையை எப்போதாவது செய்யும் மருத்துவமனைகளில் இறப்பு 16.3 சதவீதம், மிக அதிகம் செய்யும் இடங்களில் 3.8. கட்டியை எடுக்காமல் ஐந்தாண்டு தாண்டியவர்கள் வெகு அபூர்வம். ஜப்பானில் 42 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவையும் மறுபாதிக்குக் கதிர்வீச்சோடு கீமோவும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் அறுவைத் தரப்பில் 62 சதவீதமும் மற்றதில் 32 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். சின்ன ஆய்வுதான், ஆனாலும் ஏற்றுக்கொள்ள வேண்டியது.

மேடையில் சொல்லும் தொண்ணூறைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அறுவைக்குப் பிறகு உயிரோடு வீட்டுக்குப் போனவர்களின் கணக்கு அது. மருத்துவரின் கைத்திறனையும் ஐ.சி.யூ.வின் தரத்தையும் அளக்கும் எண். நோய் போயிற்றா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேட்கும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்பது சொல்பவருக்குத் தெரியும்.

அடுத்து எல்லோரும் எடுத்துக்காட்டும் எண் 13. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் 2025 அறிக்கைப்படி, கணையப் புற்றுநோய் கண்டவர்களில் ஐந்தாண்டு வாழ்பவர்கள் 13 சதவீதம். எழுபதுகளின் நடுவில் இது 3 சதவீதமாக இருந்தது. முன்னேற்றம் உண்மைதான். ஆனால் இந்த 13-க்குள் நியூரோ எண்டோகிரைன் கட்டிகளும் அடக்கம். கணையத்தில் ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றி மெதுவாக வளரும் வேறு வகை நோய் அது. அதை ஒதுக்கிவிட்டால், பத்தில் ஒன்பது பேருக்கு வரும் வழக்கமான வகைக்கு அதே அறிக்கை தரும் எண் 8. ஸ்டீவ் ஜாப்ஸ் 2003-இல் நோய் தெரிந்து 2011 வரை வாழ்ந்தார் என்று நம் ஊர் வாட்ஸ்அப்பிலும் சொல்கிறார்கள். அவருக்கு வந்தது இந்த மெதுவான வகை. வழக்கமான வகை வந்த பேராசிரியர் ராண்டி பாஷ் 2006 செப்டம்பரில் விப்பிள் செய்துகொண்டார். 2008 ஜூலையில் இறந்தார். பெயர் ஒன்றாக இருப்பதாலேயே இரண்டையும் ஒரே கூடையில் போடுகிறார்கள். பின்லாந்தில் 1990 முதல் 1996 வரை பதிவான 4,922 நோயாளிகளில் 89 பேர் ஐந்தாண்டு தாண்டியிருந்தார்கள். அவர்களின் பயாப்சி கண்ணாடித் தகடுகளை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, வழக்கமான கணைய நாளப் புற்றுநோய் என்று உறுதியானது 10 பேருக்குத்தான்.

இதுகூடப் பதிவேட்டின் குழப்பம்தான், சரிசெய்துவிடலாம். என் வழக்கு வேறு. அறுவைசிகிச்சையின் ஐந்தாண்டுக் கணக்கைச் சொல்லும்போது வகுக்கும் எண்ணில் யாரைச் சேர்க்கிறார்கள்?

மஞ்சள் காமாலையும் முதுகுவலியுமாக வரும் நூறு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் பார்த்ததும் எண்பது பேருக்குமேல் அறுவைக்கு லாயக்கில்லை என்று ஆகிவிடுகிறது; நோய் கல்லீரலுக்கோ பெரிய ரத்தக்குழாய்களைச் சுற்றியோ போயிருக்கும். மீதி பதினைந்து, இருபது பேரை மேசையில் கிடத்தி வயிற்றைத் திறக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு, நிபுணர் கையை உள்ளே விட்டுக் கல்லீரலின் மேற்பரப்பைத் தடவுகிறார். ஸ்கேனில் தெரியாத, அரிசி நொய் அளவு வெள்ளைப் புள்ளிகள் விரலில் தட்டுப்படுகின்றன. ஒன்றை வெட்டி உடனே பரிசோதனைக்கு அனுப்புகிறார்; புற்றுநோய் என்று பதில் வருகிறது. குடலுக்கு ஒரு மாற்றுப்பாதை போட்டுவிட்டு வயிற்றைத் தைத்து மூடுகிறார். வெளியே காத்திருந்த குடும்பத்துக்கு ஐந்து நிமிடத்தில் எல்லாம் சொல்லப்படுகிறது. இந்த நோயாளி இனி அந்த மருத்துவமனையின் விப்பிள் பட்டியலில் இல்லை. அவருக்கு விப்பிள் நடக்கவில்லையே! நியாயமான காரணம்தான். ஆனால் முந்தைய நாள் மாலை சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது அவருக்குச் சொன்ன எண், இந்தப் பட்டியலிலிருந்து எடுத்தது.

கட்டியை எடுத்தவர்களிலும் கழிவு நிற்பதில்லை. தையல் கசிந்து, காய்ச்சல் வந்து, எடை குறைந்து கீமோவைத் தொடங்கவே முடியாதவர்கள் உண்டு. தொடங்குவதற்குள் நோய் திரும்பியவர்களும் உண்டு. 2018-இல் வெளியான பிராடிஜ்-24 ஆய்வை இன்று ஒவ்வொரு மாநாட்டிலும் காட்டுகிறார்கள்: அறுவைக்குப் பிறகு மூன்று, நான்கு மருந்து சேர்ந்த ஃபோல்ஃபிரினாக்ஸ் கீமோ எடுத்தவர்களில் ஐந்தாண்டு வாழ்ந்தவர்கள் 43.2 சதவீதம். பழைய ஜெம்சிடபின் மருந்திலேயே 31.4. அருமையான ஆய்வு. அந்த மருந்து நல்ல மருந்து என்பதை அது நிறுவிவிட்டது. ஆனால் அதில் சேர என்ன நிபந்தனை? கட்டி முழுதாக வெளியே வந்திருக்க வேண்டும், அறுவையிலிருந்து தேறி எழுந்து நடமாட வேண்டும், சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனை அளவு 180-ஐத் தாண்டக் கூடாது. ஸ்கேனில் நோய் திரும்பியிருக்கக் கூடாது. அறுவை முடிந்து மூன்று முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் இத்தனையும் தேறியவர்களுக்கு அன்றுதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஓட்டப்பந்தயத்தில் கடைசிச் சுற்றுக்கு வந்தவர்களை மட்டும் நிறுத்தி, ஊரில் இத்தனை பேர் நன்றாக ஓடுகிறார்கள் என்று சொல்வதைப்போல இருக்கிறது, அந்த 43-ஐ முதல்நாள் நோயாளியிடம் சொல்வது.

முதல்நாளிலிருந்தே எண்ணிய ஆய்வும் இருக்கிறது. நெதர்லாந்தின் பிரியோபாங்க், அறுவை செய்யலாம் அல்லது கிட்டத்தட்டச் செய்யலாம் என்று ஸ்கேனில் தேர்ந்தெடுத்த 246 பேரை எடுத்துக்கொண்டது. நேரே அறுவைக்குப் போன தரப்பில் 127 பேர். அவர்களில் 72 சதவீதம் பேருக்குத்தான் கட்டியை எடுக்க முடிந்தது. மூடி அனுப்பியவர், கீமோ எட்டாதவர் எல்லோரையும் சேர்த்து வகுத்தபோது ஐந்தாண்டு வாழ்ந்தவர்கள் 6.5 சதவீதம். மருந்து வேறு, நோயாளிகளும் ஓரளவு வேறு, 43-ஐயும் 6.5-ஐயும் நேருக்குநேர் நிறுத்தக் கூடாது என்பார்கள். நிறுத்த வேண்டாம். ஆனால் மேடையில் ஏன் எப்போதும் முதல் எண்ணே ஏறுகிறது?

இதிலிருந்துதான் பெரிய தவறு கிளைக்கிறது. அறுவை செய்துகொண்டவர்கள் இவ்வளவு, செய்யாதவர்கள் இவ்வளவு என்று இரண்டு கோடு வரைந்து, நடுவே உள்ள இடைவெளி முழுவதையும் கத்தியின் கணக்கில் வரவு வைக்கிறார்கள். நோய் பரவாதவர், இதயம் தாங்குகிறவர், வயது குறைந்தவர், செலவுக்கு வழி உள்ளவர், காத்திருந்த வாரங்களில் மோசமாகாதவர் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள்தானே அறுவைக் கோட்டில் இருக்கிறார்கள்! அவர்களைத் தொடாமலே விட்டிருந்தாலும் மற்ற கோட்டைவிட நீண்டநாள் இருந்திருப்பார்கள். எவ்வளவு கத்தியால், எவ்வளவு தேர்வால் என்று பிரிக்க அந்தப் படம் உதவாது. அறுவை மட்டும் என்ன தருகிறது என்பதற்கு ஜெர்மனியின் கோன்கோ-001 ஓரளவு பதில் தருகிறது: கட்டியை முழுதாக எடுத்து, பிறகு கீமோ கொடுக்காமல் கவனித்தவர்களில் ஐந்தாண்டு கடந்தவர்கள் 10.4 சதவீதம், ஜெம்சிடபின் சேர்த்ததும் 20.7. மலிவான ஒரு மருந்து அந்த எண்ணை இரட்டிப்பாக்கியது. அதே தரப்பில் பத்தாண்டு வாழ்ந்தவர்கள் 12.2 சதவீதம். ஐந்தாண்டு தாண்டினால் 'வென்றாயிற்று' என்று சால்வை போடும் அவசரத்தை இந்த 12.2 கொஞ்சம் தணிக்க வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு கலப்பும் நடக்கிறது. பித்தநாளமும் கணையநாளமும் குடலில் திறக்கும் வாயில் வரும் ஆம்புலரி கட்டிக்கும் இதே விப்பிள்தான். அது சிறிதாக இருக்கும்போதே பித்தத்தை அடைத்து மஞ்சள் காமாலையைக் காட்டிக்கொடுத்துவிடும். அறுவைக்குப் பின் அவர்களின் நிலையும் மிக மேலானது. இந்திய மருத்துவமனைகளின் விப்பிள் பட்டியலில் இவர்களின் பங்கு பெரிது. 'எங்களிடம் விப்பிள் செய்துகொண்டவர்கள்' என்று மொத்தமாகச் சொன்னால், கணையப் புற்றுநோயாளி அடுத்த வீட்டுக்காரரின் ஆயுளைத் தன்னுடையதாக எண்ணிக்கொண்டு போவார். தவறிப்போய் நடக்கும் காரியமாக இதை நான் நினைக்கவில்லை.

இதற்கெல்லாம் சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: உண்மை எண்ணைச் சொன்னால் நம்பிக்கை போய்விடும், வருகிறவர்களும் வராமல் போய்விடுவார்கள். யாருடைய நம்பிக்கை? எழுபத்திரண்டு வயது அப்பாவுக்கு அறுவை செய்வதா, ஸ்டென்ட் வைத்துக் கீமோ பார்ப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய மகளுக்குத் தேவை, திறந்தவர்களில் எத்தனை பேரை மூடினீர்கள், எடுத்தவர்களில் எத்தனை பேர் கீமோவை முடித்தார்கள், ஓராண்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற மூன்று விவரம். அவற்றைக் கேட்டதற்காக எந்த மருத்துவரும் முகம் சுளிக்கலாகாது, சுளிக்கிறார்கள்.

முழுக் கணக்கு நம்பிக்கையைக் கெடுக்கும் என்பதும் உண்மையல்ல. பிரியோபாங்கின் மறுதரப்புக்கு முதலில் கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்து, பிறகுதான் அறுவைக்குக் கூட்டிப்போனார்கள். ஐந்தாண்டு முடிவில் அங்கே 20.5 சதவீதம் பேர் இருந்தார்கள், நேரே அறுவைக்குப் போன தரப்பைப்போல மூன்று மடங்கு. 2024-இல் வந்த நார்டிக் நாடுகளின் நார்பாக்ட்-1 முன்கூட்டிய கீமோவால் அப்படியொரு லாபத்தைக் காட்டவில்லை, ஆகவே சர்ச்சை ஓயவில்லை. ஆனால் இரண்டுமே முதல்நாளிலிருந்து எண்ணியவை என்பதால் சண்டை போடவாவது முடிகிறது. பிரியோபாங்கில் முன்கூட்டிச் சிகிச்சை பெற்ற தரப்பில் கட்டியை எடுக்க முடிந்தவர்கள் 61 சதவீதம்தான், நேரே போனவர்களில் 72. அறுவையின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் மருத்துவமனை ஒன்று அந்தச் சிகிச்சையை அன்றே கைவிட்டிருக்கும்.