பொன் வேய்தலும் பொன் மேய்தலும்

தில்லைச் சிற்றம்பலத்தைப் பொன் வேய்ந்தவர் யார் என்பது வரலாற்றறிஞரிடை நெடுநாளாக வழங்கும் வினா. முதற் பராந்தகன் (907–955) என்பதற்குத் திருவாலங்காட்டுச் செப்பேடு சான்றாம். நம்பியாண்டார் நம்பியோ அதனை ஆதித்தனுக்கு உரியதாக்குவார். பின்னர் நரலோகவீரனும், 1128-இல் விக்கிரமசோழனும் வேய்ந்தனர். 13-ஆம் நூற்றாண்டில் சடையவர்மன் சுந்தரபாண்டியன் ‘கோயில் பொன்வேய்ந்த பெருமாள்’ எனவே பெயர் பெற்றான். ஒருவர் செயலைப் பிறர் தமதாக்கிக்கொண்டனர் என ஐயுறுவாரும் உளர். வினையின் பொருளை நோக்காமையான் வந்த ஐயம் இஃது என்பது எம் கருத்து.

வேய்தல் பூசுதல் அன்று, பொதிதலும் அன்று. ஓலையோ ஓடோ, மேல்வரிசை கீழ்வரிசையைத் தழுவ அடுக்கிக் கூரையை மூடுதலே அது. கூரையிடாத நிலாமுற்றத்தைச் சிலப்பதிகாரம் ‘வேயா மாடம்’ என்றல் காண்க. பூ வேய்தல் இதன் விரிவு. ஒற்றினைக் குறிக்கும் வெட்சித்துறை ‘வேய்’ ஈண்டைக்கு வேண்டா. இனி, கூரை வேய்தல் ஒருமுறையோடு முடிவதன்று. கடலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிற் புயலும் மழையும் கண்ட கீற்றுக் கூரையை மீளமீள வேய்வர். முதலில் வேய்ந்ததும் வேய்தலே, பின்னர் வேய்ந்ததும் வேய்தலே. சிற்சபையும் மரச்சட்டத்தின்மேற் பொன்னோடு அடுக்கிய கூரையுடையது. ஓடுகள் 21,600 என்பது மரபு. ஆகவே அரசர் பலர் அடுத்தடுத்து வேய்ந்தனர் என்பதில் முரண் யாதும் இல்லை.

நரலோகவீரனைப் பாடும் தில்லைக் கல்வெட்டு வெண்பாவில் இவ்வினை ‘மேய்ந்து’ என நிற்கிறது. இதனைக் கல்தச்சன் பிழையெனத் திருத்த நினைப்பார் பொறுத்திருக்க. வானம் மானம் எனத் திரிதல்போல வேய் மேய் ஆயிற்று. மலையாளத்தார் இன்றும் ‘புர மேயுக’ என்பர். நம் பேச்சுவழக்கிலும் கூரை மேய்வார் உளர். வகுப்பில் இச்சொல்லுக்கு நகைப்பு எழுவது, கால்நடைகளின் மேய்தலே நம் செவிக்கு முந்துதலான்.

இவ்வடிவம் நரலோகவீரன் காலத்துப் புதுவது அன்று. 7-ஆம் நூற்றாண்டினராகிய அப்பர், தில்லைத் திருக்குறுந்தொகையிற் செம்பொன்னோடு இயைத்துச் சிற்றம்பலத்தை ‘மேய்ந்த’ என்றார். இதனை ‘மேய’ என்பதனோடு மயக்கி, ‘எழுந்தருளிய’ என உரை காண்டல் பொருந்தாது. மேவு என்பதன் எச்சம் ‘மேய’ என வரும். ‘மேய்ந்த’ என வாராது. அன்றியும், செம்பொன்னினால் எழுந்தருளுதல் என்பதற்குப் பொருள் யாது? கூரையெனக் கொள்ளின், பொற்கூரை ஆதித்தனுக்கும் பராந்தகனுக்கும் இரு நூற்றாண்டேனும் முற்பட்டதாகிறது. அவ்விருவரும் புதிதாக வேய்ந்தவர் அல்லர், மீள வேய்ந்தவரே.