கட்டுரைப் பயிற்சியில் வினாவின் இடம்

கல்லூரி முதலாண்டு மாணவர்க்குப் பகுதி ஒன்றில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் அறிந்ததொன்று உண்டு. செய்யுளுக்கும் உரைநடைக்கும் இலக்கிய வரலாற்றுக்கும் உரிய நேரம் போக எஞ்சும் சில மணிகளே கட்டுரைப் பயிற்சிக்குக் கிடைக்கின்றன. அச்சில மணிகளிலும் நாம் கற்பிப்பது யாது? முன்னுரை, பொருளுரை, முடிவுரை என மூன்று அறைகள் கொண்ட பேழை ஒன்றினை மாணவர் கையில் கொடுத்து, 'இதனை நிரப்புக' என்கிறோம். தாள் திருத்துங்கால் அறைகள் நிரம்பினவா என்பதையே நோக்குகிறோம். இம்முறை கட்டுரை என்னும் இலக்கிய வகைக்கு ஏற்புடையதா, நம் மரபு இதற்கு வேறு வழி காட்டுகின்றதா என்பன ஈண்டு ஆராயத்தக்கன.

எம் பிழை ஒன்றினை முதற்கண் கூறிவிடுகிறோம். சில ஆண்டுகட்கு முன்னர் 'நீர்வளம் காப்போம்' என்னும் தலைப்பில் முதலாண்டு மாணவரை எழுதப் பணித்தோம். திண்டுக்கல்லுக்கு வடக்கே கரூர்ப் பெருவழியில், குடகனாற்றை அடுத்து அமைந்த தாடிக்கொம்பிலிருந்தும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் பேருந்தேறி வருவோர் பலர் அவ்வகுப்பில் இருந்தனர். தாள்களுட் பெரும்பாலன ஒரே அச்சில் வார்த்தன போன்றிருந்தன. வான்சிறப்பு அதிகாரத்துக் குறள் ஒன்றில் தொடங்கின. பண்டைத் தமிழர் ஏரியும் குளமும் கண்ட சிறப்பினைக் கூறின. மழைநீர்ச் சேமிப்பினை வலியுறுத்தின. இளைஞர் உறுதி பூணுதல் வேண்டும் என முடிந்தன. ஒரு தாள் மட்டும் வேறுபட்டிருந்தது. அஃது அரைப்பக்கமே உடையது. தம் பாட்டி மணமாகி வந்த காலத்தில் குடகனாற்று மணலில் கையால் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் முகந்தார் என்றும், இன்று வீட்டுக் கிணற்று நீரில் பருப்பு வேகவில்லை என்றும், குடிநீரைக் குடக் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம் என்றும் எழுதிய மாணவி, 'இது எப்போது மாறியது, யாரால் மாறியது என்று வீட்டில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை' என்று நிறுத்தியிருந்தார். 'முன்னுரை இல்லை, மேற்கோள் இல்லை, முடிவு இல்லை' எனச் சிவப்பு மையால் எழுதிப் பத்துக்கு மூன்று வழங்கினோம். ஏனைய தாள்கள் ஏழும் எட்டும் பெற்றன.

அம்மாணவி எழுப்பிய வினா எளிய வினா அன்று. திண்டுக்கல்லைச் சூழ்ந்த தோல் பதனிடும் தொழிலகங்களின் கழிவினால் அவ்வட்டாரத்து நிலத்தடி நீர் கெட்டதனை நிலவியல் ஆய்வாளர் பலர் ஆராய்ந்துள்ளனர். வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களோடு திண்டுக்கல் மாவட்டத்துத் தோல் தொழிலகங்களையும் சேர்த்து, ஒவ்வொன்றிற்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறி இந்தியச் சட்டத்தில் நிலைபெறுதற்கு அத்தீர்ப்பு பெருங்காரணமாயிற்று. 'எப்போது, யாரால்' என்று அம்மாணவி கேட்டதும் ஏறத்தாழ இதுவே. இவ்வழக்கினை யாம் முன்னரே அறிந்திருந்தோம். ஆயினும் அத்தாளினைத் திருத்தியபொழுது அது நினைவிற்கு வரவில்லை. யாம் தேடியது பொருளை அன்று, உறுப்புகளை. அடுத்த கட்டுரையில் அம்மாணவி குறள் ஒன்றில் தொடங்கி இளைஞர் கடமையில் முடித்தார். எட்டு மதிப்பெண் பெற்றார். நன்கு திருந்திவிட்டார் என அன்று மகிழவும் செய்தோம்.

இனிக் கட்டுரை என்னும் சொல்லினை நோக்குவாம். சிலப்பதிகாரத்தின் இருபத்து மூன்றாம் காதை கட்டுரை காதை எனப் பெயர் பெற்றது. இக்காலத்து வகுப்பறைக் கட்டுரையும் அக்காதையும் ஒன்றெனல் பொருந்தாது. சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. எனினும் அக்காதையின் அமைப்பு நமக்குப் பெரிதும் பயன்படும். எரியுண்ட மதுரையில் கணவனை இழந்து திரியும் கண்ணகியின் முன்நிற்க அஞ்சிய மதுராபதித் தெய்வம் அவள் பின்புறத்தே வந்து நிற்கின்றது. கண்ணகி வாடிய முகத்தை வலப்புறம் திருப்பி, பின் வரும் நீ யார், என் துயரத்தை அறிவாயோ என வினவுகின்றாள். தெய்வத்தின் உரை முழுவதும் இவ்வினாவிற்கு விடையாக எழுகின்றது. தான் யார் என்பதனை முதலில் கூறுகின்றது. பாண்டியர் கோல் முன்னர் வளைந்ததில்லை என்பது அதன் துணிபு. அதற்குச் சான்றாக வார்த்திகன் கதையினை எடுத்துக்காட்டுகின்றது. குற்றமற்ற அவன் சிறைப்பட்டதும், கொற்றவை கோயிற் கதவம் திறவாது நின்றதும், பிழை உணர்ந்த வேந்தன் அவனை விடுவித்துத் திருத்தங்காலும் வயலூரும் அளித்ததும் அங்கு வருகின்றன. அரசர் பிழை செய்யார் என அத்தெய்வம் கூறவில்லை; செய்த பிழையினை உணர்ந்து திருத்துவர் என்றே கதை காட்டுகின்றது. அங்ஙனமாயின் கோவலன் கொலையுண்டது எவ்வாறு என்னும் ஐயம் எஞ்சுமன்றோ? அதற்கு முற்பிறப்பு வினை விடையாகின்றது. அவ்விடை இக்காலத்தார்க்கு உடன்பாடாதல் வேண்டும் என்பதில்லை. ஆனால் துன்புற்றார் ஒருவர் கேட்ட வினா முன்னின்று இழுக்க, சான்றும் காரணமும் அதன் பின்னே வரிசையாக வருதலே அவ்வுரையின் கட்டு என்பது தெளிவு.

உரையாசிரியர் மரபும் இத்தகையதே. இறையனார் களவியல் உரை வினாவும் விடையுமாகவே நடக்கின்றது. பவணந்தியார் உரையின் உறுப்புகளைத் தொகுத்துக் கூறுங்கால் கருத்து, சொற்பொருள், உதாரணம் முதலியவற்றோடு வினாவையும் விடையையும் தனித்தனியே எண்ணுகின்றார். பரிமேலழகரோ பிறர் கொண்ட பாடத்தையும் பொருளையும் எடுத்துக் கூறி, அது பொருந்தாமைக்குக் காரணமும் காட்டுவார். அவருடைய வைப்புமுறை சில இடங்களில் நமக்கு உடன்பாடன்று. ஆயினும் எதிர்நிற்பவன் ஒருவனை உளத்திற்கொண்டே அவர் எழுதுகிறார் என்பதனை மறுத்தல் இயலாது. இவ்வுரைகளை நாம் முதுகலை வகுப்பில் பாடமாக வைக்கிறோம். முதலாண்டு மாணவரை எழுதப் பணிக்கும்பொழுது மறந்துவிடுகிறோம்.

மேனாட்டு மரபு பேழையைத் தந்தது என்று கூறுவாரும் உளர். அதுவும் பொருந்தாது. 1580-இல் தம் நூலினை வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் மொந்தேன் அதற்கு இட்ட பெயரின் பொருள் 'முயற்சிகள்' அல்லது 'சோதனைகள்' என்பதாகும். மறைமலையடிகளின் சிந்தனைக் கட்டுரைகளுக்கு மூலமான அடிசனின் எழுத்துகள் வெளிவந்த 'ஸ்பெக்டேட்டர்' இதழில் வாசகர் கடிதங்களும் அவற்றை ஒட்டி எழுந்த கட்டுரைகளும் பல. ஆகவே பேழை கிழக்கினின்றும் வந்ததன்று, மேற்கினின்றும் வந்ததன்று. தேர்வுத்தாள் திருத்துவோரின் வசதியினின்று வந்தது எனலே தகும்.

ஈண்டு ஒரு தடை எழும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய மாணவர்க்குச் சட்டகம் ஒன்று வேண்டாவோ, அதனையும் பறித்தால் அவர் வெறுந்தாளை அன்றோ தருவர் என்பது அது. இத்தடையில் உண்மை உண்டு. யாமும் அப்பேழையினால் தேறியவரே. மனப்பாடம் செய்த நான்கு கட்டுரைகள் எம்மைப் பல்கலைக்கழகத் தேர்வில் காத்தன. சட்டகம் வேண்டா என்பது எம் கருத்தன்று. வினா பிறந்த பின்னரே அதனைத் தருதல் வேண்டும். பிழையற எழுதுதலும் அவ்வாறே. அ. கி. பரந்தாமனாரின் 'நல்ல தமிழ் எழுத வேண்டுமா?' என்னும் நூல் சந்தி, சொல், தொடர், நிறுத்தக்குறி ஆகியவற்றில் நம் மாணவர்க்கு ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் ஒற்றுப்பிழை நீக்கிய வெற்றுரையும் வெற்றுரையே. அந்நூலாசிரியர் செய்த பணியோடு நாம் செய்யவேண்டிய பணியும் முடிந்தது போல நடந்துகொள்கிறோம்.

பின்னர் ஓராண்டு முறையினை மாற்றிப் பார்த்தோம். தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயிலின் மண்டபத் தூண்களில் நாயக்கர் காலக் கலைத்திறம் காட்டும் பெருஞ்சிற்பங்கள் உள்ளன. 'நம் ஊர்க் கோயில்' எனத் தலைப்புக் கொடுத்தால் வருவது எதுவென யாம் அறிவோம். ஆதலின் கட்டுரை எழுதப் பணியாது, அத்தூண்களைக் கண்டு வந்து வினா ஒன்று மட்டும் எழுதித் தருமாறு கூறினோம். முதல் வாரத்தில் வந்தவற்றுட் பல வினாக்களே அல்ல. கோயில் எத்துணைச் சிறப்புடையது என்பன போன்றவை வினாக்குறி இட்ட முன்னுரைகளே. அவற்றைத் திருப்பிக் கொடுத்தோம். மும்முறை திருப்பிய பின்னர் மாணவர் ஒருவர் கேட்டார்: 'பெருமாள் கோயில் தூணில் சிவனின் ஊர்த்துவ தாண்டவமும் அகோர வீரபத்திரரும் ஏன் இருக்கின்றன?' வகுப்பு முழுவதும் அவ்வினாவினைப் பற்றிக்கொண்டது. சைவ வைணவ ஒற்றுமை என்றார் ஒருவர். சிற்பிகள் அறிந்த உருவங்களை எங்கும் செதுக்கினர் என்றார் மற்றொருவர். மதுரை மீனாட்சியம்மன் கோயில் கம்பத்தடி மண்டபத்திலும் இவ்விரு உருவங்கள் உள்ளன என்பதனை ஒரு மாணவி தம் கைப்பேசிப் படத்தால் காட்டினார். வினவியவரின் கட்டுரை மூன்று பக்கங்கள் வந்தது. இரண்டு விடைகளையும் எடுத்துக் கூறி, ஒற்றுமை ஒன்றே காரணமாயின் அக்காலச் சிவன் கோயில் தூண்களிலும் திருமால் உருவங்கள் இதே அளவில் இருத்தல் வேண்டும், அதனை இன்னும் பார்க்கவில்லை என எழுதி நிறுத்தியிருந்தார். ஒற்றுப்பிழைகள் பதினான்கு. அவற்றை வட்டமிட்டோம். முடிவுரைக்கு எனத் தேர்வுத் திட்டம் ஒதுக்கிய இரண்டு மதிப்பெண்ணையும் அந்தக் கடைசித் தொடருக்கே வழங்கினோம்.