சுவரில் பதிந்த தகுதி: டச்சு அலங்கார ஓவியங்களில் கட்டடமும் சமூகநிலையும்

பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியம் என்றவுடன் வெர்மீரின் சன்னலோர அறைகளும் ரெம்பிராண்டின் முகங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அது வணிகக் குடிமக்களின் கலை, உள்ளதை உள்ளவாறே காட்டும் கலை என்னும் மதிப்பீடு பெரிதும் வேரூன்றிவிட்டது. இம்மதிப்பீட்டுக்குள் அடங்காத ஓவியத்தொகுதி ஒன்று உண்டு. வீட்டின் சுவர், கதவின் மேற்பகுதி, கணப்படுப்பின் மேற்புறம், விதானம் ஆகியவற்றுக்கென அளவெடுத்து வரையப்பெற்று, கட்டடத்தோடு பொருத்தப்பட்ட ஓவியங்களே அவை. ஈண்டுச் சுவரோவியம் என்பது ஈரச்சுண்ணத்தில் தீட்டியதன்று; துணியில் எண்ணெய் வண்ணத்தால் எழுதிச் சட்டத்தில் பதித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திறனாய்வாளர் பலர் இவற்றைப் பிரெஞ்சு மோகத்தின் விளைவென ஒதுக்கினர். அவ்வாறு ஒதுக்கியதால், ஓவியத்துக்கும் சமூகத் தகுதிக்கும் இடையே இருந்த உறவின் தெளிவான சான்று கண்ணிலிருந்து மறைந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஆலந்தில் ஓவியம் ஒரு சந்தைப் பொருள். ரோட்டர்டாம் ஆண்டுச் சந்தையில் உழவர்கூட ஓவியம் வாங்கியதை 1641இல் கண்ட ஆங்கிலேயர் ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் வியந்து எழுதியுள்ளார். ஏலம், குலுக்கல் ஆகியவற்றின் வழியாகவும் படங்கள் கைமாறின. எவரும் வாங்கவும் விற்கவும் கூடிய பொருள் உயர்ந்தோரை வேறுபடுத்திக் காட்டுவது எங்ஙனம்? விற்க முடியாதவாறு அதனைச் சுவரோடு பிணைத்துவிடுவது ஒரு வழி. சந்தையால் உயர்ந்தவர்கள் சந்தையிலிருந்து விலகி நிற்பதாகக் காட்டிக்கொள்ள மேற்கொண்ட முறையாகவே இவ்வோவியங்களை நான் காண்கிறேன்.

இதற்கு முன்மாதிரிகள் இரண்டு. ஹேக் நகரையடுத்த ஹவுஸ் தென் பாஸ் மாளிகையின் ஒரான்யே மண்டபம் ஒன்று. இளவரசர் ஃபிரெடரிக் ஹென்றிக் 1647இல் மறைந்தபின், அவர் மனைவி அமாலியா ஃபான் சோல்ம்ஸ் கணவரின் புகழ்நினைவாக அதனைச் சுவர் முழுதும் ஓவியங்களால் நிரப்பச் செய்தார். கட்டடக் கலைஞர் யாகோப் ஃபான் காம்பன் அங்குத் தாமே வரைந்த ஊர்வலக் காட்சியில் கிழக்கிந்தியப் பண்டங்களும் மேற்கிந்தியப் பண்டங்களும் சுமந்து வரப்படுகின்றன. மற்றொன்று, அவரே வடிவமைத்து 1655இல் திறக்கப்பெற்ற ஆம்ஸ்டர்டாம் நகரமன்றம். அதன் நடைக்கூடத்து வளைவொன்றில் 1662இல் வைக்கப்பட்ட ரெம்பிராண்டின் 'கிளாடியஸ் சிவிலிஸ்' விரைவிலேயே அகற்றப்பட்டது. பின்னர் அது வெட்டிச் சிறிதாக்கப்பட்டது. எஞ்சிய பகுதி இன்று ஸ்டாக்ஹோமில் உள்ளது. சுவரை இழந்த ஓவியம் விலைபோக வேண்டுமாயின் அளவு குறைய வேண்டியிருந்தது! ரெம்பிராண்டின் தனித்துயராக மட்டும் பேசப்படும் இந்நிகழ்ச்சி, சுவருக்கும் சந்தைக்கும் இடையிலிருந்த தொலைவையும் உணர்த்துகிறது.

ஆம்ஸ்டர்டாமின் ஹெரன்கிராக்ட் கால்வாயோரத்து மனைகள் பெரும்பாலும் ஏறத்தாழ 30 அடி முகப்பு அகலமே உடையவை. செல்வம் எவ்வளவு பெருகினும் வீடு அகலத்தில் வளர இயலாது. இக்குறையை நிறைத்தவர் ஹெரார்ட் தெ லெரெஸ். பட்டு வணிகர் ஃபிலிப்ஸ் தெ ஃபிளின்ஸின் ஹெரன்கிராக்ட் இல்லத்துக்கு அவர் வரைந்த சாம்பல் வண்ண ஓவியங்கள் கல்லில் செதுக்கிய புடைப்புச் சிற்பங்கள் போலத் தோன்றுபவை. வணிகர் வீட்டு அறை, செம்மைக்கால உரோமானிய மாளிகையின் சாயலை அவற்றால் பெற்றது.

கண்பார்வை இழந்தபின் லெரெஸ் ஆற்றிய உரைகளின் பயனாக 1707இல் வெளிவந்த 'பெரும் ஓவிய நூல்' இவ்வகையில் இன்றியமையாதது. அறையின் பயனுக்கும் உரியவரின் தகுதிக்கும் ஏற்பப் பொருள் தெரிய வேண்டும். ஓவியத்துள் விழும் ஒளி அறையின் மெய்யான சன்னல் ஒளியோடு இயைய வேண்டும் என்பன அவர் வற்புறுத்தும் நெறிகள். இரண்டாவது நெறி வெறும் தொழில் நுட்பமன்று. ஒளி பொருந்தினால்தான் வரைந்த கல் கட்டடத்தின் கல்லாகும். கல்லானால்தான் அது வீட்டுக்கு உரியவரின் நிலையான உடைமையாகும்.

அடுத்த தலைமுறையில் யாகோப் தெ வித் (1695–1754) இக்கலையில் பெயர்பெற்றார். 'வித்' என்பதற்கு டச்சு மொழியில் வெண்மை என்பது பொருள். அவர்தம் சலவைக்கல் போன்ற ஓவியங்களை 'வித்யே' என்றே மக்கள் அழைத்தனர். மெய்யான கல்லுக்கு மலிவான மாற்று என இவற்றைக் கருதுவோர் உளர். எனக்கு அது பொருத்தமாகத் தோன்றவில்லை. தெ வித்தை அமர்த்தக்கூடியவர் கல்லையும் வாங்கக்கூடியவரே. முதற்பார்வையில் ஏமாந்து மறுபார்வையில் தெளியும் விருந்தினரின் வியப்பே இங்கு வேண்டப்பட்டது. அவ்வியப்பைச் சுவைக்கத் தெரிந்தவரே அவ்வறைக்கு ஏற்றவர்.

இத்தனித்தகுதி நெடுநாள் நீடிக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓவியச் சுவர்த்துணிகள் பட்டறைகளில் உருவாயின. ஹூர்ன் நகரில் இதற்கெனத் தொழிற்கூடமே இயங்கியது. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற பூவேலைத் துணிகளும் டச்சுச் சுவர்களை முன்னரே மூடியிருந்தன என்பதைத் தமிழாய்வாளர் குறித்துக்கொள்ளலாம். எழுதிய துணி என்னும் அளவில் இரண்டும் ஒன்றே. வரைந்தவரின் பெயர் ஒன்றில் நின்றது, மற்றொன்றில் நிற்கவில்லை.

தெ ஃபிளின்ஸ் வீட்டு ஓவியங்கள் இன்று ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் தம் சன்னல்களை இழந்து நிற்கின்றன. அதே அருங்காட்சியகத்தில் வணிகர் பூனிங்கின் அறை மஹோகனி மரவேலையோடும் தெ வித் 1748இல் வரைந்த கணப்படுப்பு ஓவியத்தோடும் காக்கப்பட்டுள்ளது. அவ்வீடோ 1896இல் சாலைக்காக இடிக்கப்பட்டது. நகரத்தலைவர் ஆந்திரீஸ் தெ கிராஃபின் இல்லத்துக்கு லெரெஸ் வரைந்த விதான ஓவியத்தின் கதை இன்னும் வேறு. வணிக விடுதலையையும் பாதுகாப்பையும் போற்றும் அவ்வோவியம் 1672ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவ்வாண்டிலேயே அரசியல் மாற்றத்தால் தெ கிராஃப் நகரவையிலிருந்து நீக்கப்பட்டார். இன்று அது ஹேக் நகரின் அமைதி மாளிகையில் உள்ளது. அண்ணாந்து பார்ப்பவர் அதில் உலக அமைதியைக் காண்கின்றனர். பதவி இழந்த ஓர் ஆம்ஸ்டர்டாம் குடும்பத்தின் வரவேற்பறையை எவரும் காண்பதில்லை.