ரிவால்வரில் இருந்த அந்தச் சின்ன ஓட்டை

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரின் இடது பக்கத்தில், சிலிண்டரைத் திறக்கக் கட்டைவிரலால் தள்ளும் பொத்தானுக்குச் சற்று மேலே, ஒரு சின்ன ஓட்டை இருக்கும். 2001-க்குப் பிறகு அடுத்தடுத்து வந்த பெரும்பாலான மாடல்களில் இதைப் பார்க்கலாம். அதில் ஒரு குட்டிச் சாவியை நுழைத்துத் திருப்பினால், சுத்தியலுக்குப் பக்கத்தில் ஒரு தகடு எழுந்து அதை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். அப்புறம் விசையை எவ்வளவு இழுத்தாலும் சுடாது. ஒரு பூட்டு, அவ்வளவுதான்.

அண்மை ஆண்டுகளில் இந்த நிறுவனம் ஓட்டையில்லாத ரிவால்வர்களை மறுபடியும் விற்பனைக்கு விட ஆரம்பித்திருக்கிறது. 2024-இல் லிப்சீஸ் என்ற மொத்த வியாபார நிறுவனத்தோடு சேர்ந்து கொண்டுவந்த 442, 642 'அல்டிமேட் கேரி' ரிவால்வர்களுக்கு அமெரிக்கத் துப்பாக்கி ஆர்வலர்களிடம் கிடைத்த வரவேற்பைப் படித்தால், ஒரு கருவியின் மதிப்புரை மாதிரியே இருக்காது. தொலைந்துபோன பிள்ளை வீடு திரும்பிய சந்தோஷம். நல்ல குறிபார்ப்பான், நல்ல பிடி, இலகுவான விசை என்று பேச எத்தனையோ இருந்தும், பலருடைய முதல் வரி ஓட்டை இல்லை என்பதுதான். இந்தச் சந்தோஷத்தில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று பார்க்க நினைத்தேன்.

இயந்திரக் காரணம் ஒன்று இருக்கிறது, அது உண்மையானதும்கூட. மிக இலகுவான உலோகத்தில் செய்த மேக்னம் ரிவால்வர்கள் சுடும்போது கையை உதறித் தள்ளும். அந்த உதறலில் பூட்டுத் தகடு தானாகவே எழுந்து துப்பாக்கியை முடக்கிவிட்ட சம்பவங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. அரிதுதான். ஆனால் உயிருக்கு ஆபத்து என்று நம்பி எடுக்கும் ஒரு கருவியில் 'அரிது' என்ற சமாதானம் எடுபடாது. இதுவரை நானும் அவர்கள் கட்சிதான்.

ஆனால் கோபத்தின் அளவுக்கு இந்தக் காரணம் போதாது. ஓட்டைக்கு அவர்கள் வைத்த பெயரைப் பாருங்க: 'ஹிலரி ஓட்டை'. 2000 மார்ச்சில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், பில் கிளிண்டன் அரசோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் கைத்துப்பாக்கிகளுக்கு உள்பூட்டு வைப்பதும் அதில் ஒரு ஷரத்து. நகரங்கள் போட்ட வழக்குகளிலிருந்து தப்பிக்க நிறுவனம் கண்ட வழி அது. வாடிக்கையாளர்கள் அதைத் துரோகமாக எடுத்துக்கொண்டு மொத்தமாகப் புறக்கணித்தார்கள். 1987-இல் 11 கோடி டாலருக்கு மேல் கொடுத்து இந்த நிறுவனத்தை வாங்கியிருந்த டாம்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுமம், 2001-இல் அதை வெறும் 1.5 கோடி டாலருக்கும் கடன்பொறுப்புக்கும் தள்ளிவிட்டது. வாங்கியது யார் தெரியுமா? சேஃப்-டி-ஹேமர் என்ற, துப்பாக்கிப் பாதுகாப்புக் கருவிகளில் இறங்கியிருந்த ஒரு சிறு நிறுவனம். அடுத்து வந்த புஷ் அரசு அந்த ஒப்பந்தத்தை அமல்படுத்த அக்கறை காட்டவில்லை. அப்படியும் பூட்டு வந்தது, இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அந்த நீண்ட காலத்துக்கு ஹிலரியைக் குறை சொல்வது கொஞ்சம் ஓவர்தான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சரி, 'பாரம்பரிய வடிவம்' என்று அவர்கள் சொல்வது எதை? எனக்கு இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

1944-இன் கடைசியில், இதே நிறுவனம் போருக்காகச் செய்த விக்டரி மாடல் ரிவால்வர் ஒன்று போர்க்கப்பலின் எஃகுத் தளத்தில் விழுந்து வெடித்து, ஒரு கடற்படை வீரர் இறந்தார். சுத்தியல் தோட்டாவைத் தொடாமல் தடுக்கும் ஏற்பாடு உள்ளே ஏற்கெனவே இருந்தது. அது வேலை செய்யவில்லை. உடனே வேறு மாதிரி, நகர்ந்து குறுக்கே நிற்கும் தடுப்புக் கட்டை ஒன்றை வடிவமைத்து எல்லாவற்றிலும் வைத்தார்கள். அந்தக் கட்டையும் பயனருடைய கவனக்குறைவை எதிர்பார்த்து வைத்த பாதுகாப்புதான். இன்றைக்கு ஆர்வலர்கள் பெருமூச்சுவிடும் 1950-களின் ரிவால்வர்கள் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. யாரும் திட்டுவதில்லை. மூடியைக் கழற்றினால்தான் கண்ணிலேயே படும்.

இன்னும் பின்னால் போகலாம். 1887-இல் வந்த 'சேஃப்டி ஹேமர்லெஸ்' ரிவால்வரில், பிடியின் பின்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்தினால்தான் விசை நகரும். குழந்தையின் கை அந்த இரண்டையும் சேர்த்துச் செய்வது கஷ்டம் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். கம்பெனியின் நூற்றாண்டான 1952-இல் வந்த 'சென்டெனியல்' மாடலிலும் அந்த ஏற்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பிடிக்காதவர்கள் ஒரு சின்ன ஊசியைச் செருகி அதை முடக்கிவைத்தார்கள். ஆக, குழந்தையை மனதில் வைத்து ரிவால்வரை வடிவமைப்பதும் இந்தக் கம்பெனியின் பாரம்பரியம்தான். அதைப் பிடிக்காமல் முடக்குவதும் பாரம்பரியம்தான். இரண்டும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

அதனால் 'பழைய வடிவம் திரும்புகிறது' என்ற வாக்கியத்தை நான் அப்படியே ஏற்கவில்லை. திரும்பியது எது என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. 1982 வாக்கில் விட்டுப்போன, குழலை உடலோடு இணைக்கும் குறுக்கூசி திரும்பவில்லை. உலோகப் பொடியை அச்சில் செலுத்திச் சுட்டெடுக்கும் உதிரிப்பாகங்களும் போகவில்லை. கைவேலைக்குக் கூலி கொடுக்க வேண்டிய எதுவும் லேசில் திரும்பாது. ஓட்டையைத் துளைக்காமல் விடுவது மட்டும் மலிவு. நிறுவனம் நிறைய நல்ல பெயரை ரொம்பக் குறைந்த செலவில் வாங்கிவிட்டது என்பதைக் கொண்டாடுகிறவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. உலோகப் பாகத்தின் தரத்தைப் பற்றி நியாயமாகக் கேட்டவர்களின் குரல் இந்த ஆரவாரத்தில் அமுங்கியும் போய்விட்டது.

கோபத்தின் வேர் எனக்குப் புரியாமல் இல்லை. கடற்படை வீரரின் சாவில் பிறந்த கட்டை 'நம்ம அனுபவத்தில்' வந்தது. பூட்டு வெளியே யாரோ வக்கீல்கள் திணித்தது. ஒன்று உள்ளே மறைந்திருக்கிறது, மற்றது 'உன்னை நான் நம்பவில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. அவமானம் உண்மைதான். ஆனால் அவமானத்தைப் பொறியியல் வாதம் மாதிரி பேசும்போதுதான் தவறுகிறது.

இதற்கு எதிர் உதாரணம் ரூகர் நிறுவனத்தின் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர். 1973-க்கு முந்தைய வகையில் ஆறு அறையிலும் தோட்டா போட்டு, கீழே போட்டுவிட்டால் வெடிக்கலாம். அதனால் ஒரு அறையைக் காலியாக விடச் சொல்வார்கள். 1973-இல் விசையை இழுத்தால் மட்டும் அடியைக் கடத்தும் ஒரு பட்டையை வைத்துப் பிரச்சினையைத் தீர்த்தார்கள். பழைய துப்பாக்கியை அனுப்பினால் இலவசமாகவே மாற்றித் தருகிறார்கள். ஆனாலும் சுத்தியலை இழுக்கும்போது வரும் பழைய நான்கு 'க்ளிக்' சத்தம் போய்விடுமே, சேகரிப்பு மதிப்பு குறையுமே என்று அனுப்பாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. அங்கே ஹிலரி இல்லை. காலில் குண்டு பாயாமல் தடுக்கும் மாற்றத்தைக்கூடப் பழைய சத்தத்துக்காக ஒதுக்குகிறார்கள் என்றால், ஓட்டை பற்றிய வாதத்திலும் எவ்வளவு பங்கு ரசனை என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

உள்பூட்டு குழந்தைகளைக் காப்பாற்றியிருக்குமா? பெரிதாக இல்லை என்றே நினைக்கிறேன். தற்காப்புக்காக அலமாரியில் வைக்கும் துப்பாக்கியைக் குட்டிச் சாவி போட்டுப் பூட்டிவைக்கும் பொறுமை பலருக்கு இருக்காது. ஆனால் அது எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததோ, அந்தக் கேள்வி போகவில்லை. அமெரிக்காவில் 2020 முதல் 1-இலிருந்து 19 வயதுவரையானவர்களின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கி. அதில் கொலைகளே அதிகம். வீட்டிலிருந்த துப்பாக்கியால் நடக்கும் தற்கொலைகளும் இருக்கின்றன, விபத்துகளும் இருக்கின்றன.

2005-இல் வந்த மத்தியச் சட்டப்படி, உரிமம் பெற்ற வியாபாரி விற்கும் ஒவ்வொரு கைத்துப்பாக்கியோடும் ஏதாவது ஒரு பூட்டோ பாதுகாப்புப் பெட்டியோ கொடுத்தாக வேண்டும். ஓட்டையில்லாத ரிவால்வருக்கும் இது பொருந்தும். பெரும்பாலும் ஒரு கேபிள் பூட்டு பெட்டிக்குள்ளேயே வந்துவிடும். நான் படித்த மதிப்புரைகளில் பிடியின் மரம், குறிபார்ப்பானின் நிறம், விசையின் எடை எல்லாம் பத்தி பத்தியாக இருந்தன. அந்தக் கேபிளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.